படிவத்தில் விழுந்த ஓட்டை

மகள் ஏதோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அழிறப்பரின் ஸ்ட்ரோபெரி வாசம் என்னைப் பழைய புளியந்தீவு வீட்டு மேசைக்கு இழுத்துப்போனது.

அன்று உயர்தர வகுப்புக்கு எந்தப் பிரிவென்று படிவத்தில் நான் எழுத வேண்டியிருந்தது. எனக்கு மீன்களும் பிடிக்கும், படம் கீறவும் பிடிக்கும். உயிரியல் என்று எழுதி அழித்தேன், கலை என்று எழுதி அழித்தேன். கடைசியில் தாளில் ஓட்டை விழ, அழுதுவிட்டேன்.

அப்பா இரண்டு சோற்றுப் பருக்கையை நசித்து, பின்பக்கம் துண்டுத்தாள் ஒட்டினார்.

"எதையெண்டாலும் எழுது புள்ள. ஆனா பேனையால எழுது, இனி ஒட்ட ஏலா."

உயிரியல் என்று எழுதினேன். அந்த வகுப்பிலும் கொப்பி நிறைய மீன்களைக் கீறினேன். இப்போது பாடப்புத்தகங்களுக்கு வாவி மீன்களைக் கீறுவதுதான் என் வேலை.

"அம்மா, படிவத்தில ஓட்டை விழுந்திட்டு," என்றாள் மகள்.

சோறு எடுக்கக் குசினிக்குப் போனேன்.