நாலாம் இடம்

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். அவளுக்குக் கீழே வேலை பார்த்த பெண்கள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பத்தொன்பது வயதில் பாட்டில் அடுக்கச் சேர்ந்தவள், முப்பத்தெட்டில் பரிசோதனைப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனாள். லாரி கிளம்ப வேண்டிய நேரம் அவள் பொறுப்பில் ஒருநாளும் தவறியதில்லை.

அந்தப் பிரிவு ஒரு நீண்ட அறை. மருந்து பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும். பின்னால் வெள்ளை விளக்குப் பலகை. அதன் முன்னால் ஆறு பெண்கள் வரிசையாக நின்று, கீறலோ குமிழியோ விரிசலோ உள்ள பாட்டிலைச் சட்டென்று எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர எட்டு மணி நேரமும் நின்றபடிதான்.

நாலாவது இடத்தில் நின்றவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மற்ற ஐந்து பேர் கண்ணுக்கும் தப்பிய மயிரிழை விரிசலை அவள் பேசிக்கொண்டே பிடித்துவிடுவாள். கணவர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். குழந்தைகள் இல்லை.

ஒரு நாள் காலை அவள் சூப்பர்வைசரின் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, பின்மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. வீட்டுக்குப் போகட்டுமா? இல்லைன்னா ஒரு ஸ்டூலாவது குடுங்க, உக்காந்துட்டே பாக்கறேன்."

"ரெண்டு மணிக்கு லாரி. அது கிளம்பட்டும், நீயும் கிளம்பிடு."

"சரிக்கா."

முகம் சுளிக்கவில்லை. போய் நின்றுகொண்டாள். பதினொன்றே முக்காலுக்கு, கையில் பிடித்திருந்த பாட்டிலோடு கீழே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக மருத்துவமனையில் சொன்னார்கள். சாயங்காலம் உயிர் போய்விட்டது.

"காலைலயே வந்திருந்தா பொழைச்சிருப்பாளா டாக்டர்?" என்று சூப்பர்வைசர் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

பிழைத்திருக்கவே மாட்டாள் என்று அடித்துச் சொல்லியிருந்தால் எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். 'சொல்ல முடியாது' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதன்பிறகு நாலாம் இடத்தில் நிற்க யாரும் முன்வரவில்லை. அங்கே நின்றால் கழுத்தோரம் மூச்சு படுகிறது என்றாள் ஒருத்தி. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் சாப்பாட்டு நேரத்தோடு போனவர்கள் திரும்பவே இல்லை. "பேயாவது பிசாசாவது! வேலைக்குக் கள்ளம்" என்று கத்திவிட்டு, சூப்பர்வைசர் தானே போய் அங்கே நின்றாள்.

இருபது நிமிடம் கண் கூர்மையாக இருந்தது. பிறகு பாட்டில்கள் ஒன்றோடொன்று கரைந்து ஒரே வெள்ளைப் பட்டையாக ஓடின. கால் மரத்தது. பின்மண்டையில் மெல்ல ஒரு துடிப்பு தொடங்கியது. அப்போதுதான், பாட்டில்கள் உரசும் சத்தத்துக்கு நடுவே, இடது காதோரம் தெளிவாகக் கேட்டது: "சரிக்கா."

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

மூன்று வாரம் அங்கேயே நின்றாள். வீட்டில்கூட அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மகள் எதற்காவது 'சரிம்மா' என்றால்கூடத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு ஒரு நாள், வாடிக்கையாளர்கள் திருப்பியனுப்பிய பெட்டிகளின் கோப்பைப் பிரித்து, ஒவ்வொன்றும் சோதிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தாள். பாதிக்கு மேல், பெண்கள் நின்று நின்று ஓய்ந்துபோகும் கடைசி ஒரு மணி நேரத்துப் பெட்டிகள்.

கோப்போடு மேனேஜரிடம் போனாள். ஆறு ஸ்டூல் வேண்டும். இருபத்தைந்து நிமிடம் விளக்கு முன்னால், அப்புறம் பத்து நிமிடம் லேபிள் ஒட்டும் வேலை. உடம்பு சரியில்லை என்றால் கேள்வி கேட்காமல் அனுப்ப வேண்டும்.

"உக்கார வெச்சா தூங்கிடுவாங்கம்மா. இதென்ன சினிமா தியேட்டரா?"

"ஒரு மாசம் குடுங்க சார். உற்பத்தி கொறைஞ்சா என்னை அனுப்பிடுங்க."

இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. தலையாட்டிவிட்டார்.

"கடிகாரத்துக்கு என்ன ஆச்சு, ஸ்பிரிங் கழண்டுடுச்சா?" என்று பெண்கள் முதல் வாரம் கிசுகிசுத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். முன்பு மாதம் நாற்பத்தொரு பெட்டி திரும்பி வந்தது, இப்போது ஒன்பது. உற்பத்தியும் ஏறியது. சொல்லாமல் லீவு போடுபவர்கள் குறைந்தார்கள். வேலையை விட்டுப்போன ஒருத்தி தானாகவே வந்து, மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து கைதட்டினார்கள். "ஆறு ஸ்டூலுக்கு இவ்வளவு பவரா!" என்று மேனேஜர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்த ஸ்டூல்கள் ஒரு சின்ன வேனில், அரை மணி நேரத்தில் வந்து இறங்கியவை. உற்பத்தி ஏறாமல் இருந்திருந்தால், வேறு வழியில்லாமல்தான் மறுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இப்போது அந்த ஒன்பது பெட்டியே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியின் கணவர் வீட்டுக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு அவ எங்கிட்ட கேட்டா. நான்தான் விடல."

"தெரியும். பக்கத்துல நின்ன பொண்ணு அன்னைக்கே சொல்லிடுச்சு."

"அப்புறம் ஏன் நீங்க வந்து எங்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு என்ன பண்ண?" அவர் நகத்தில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். "இப்ப சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கொஞ்சம் பாரம் கொறையும். எனக்கு என்ன கொறையும்? இனிமே வராதீங்கம்மா."

அதன்பிறகு அவள் அங்கே போகவில்லை. அந்தக் குரலும் நிற்கவில்லை. சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது.

மற்ற ஆலைகளிலும் போய்ப் பேசச் சொல்லி நிர்வாகம் அவளை அனுப்பியது. கையில் கொடுத்த வண்ணப் படங்களை அவள் காட்டுவதில்லை. "எங்கிட்ட ஒருத்தி ஸ்டூல் கேட்டா, நான் குடுக்கல" என்றுதான் ஆரம்பிப்பாள். ஓர் ஆலையில் ஒரு சூப்பர்வைசர் எழுந்து, "இதெல்லாம் செஞ்சா உற்பத்தி ஏறும்கறது உறுதிதானே?" என்று கேட்டார்.

"ஏறும். ஏறலைன்னாலும் செய்யுங்க" என்றாள்.

நான்கு ஆலைகளில் பேசினாள். இரண்டில் ஓய்வு நேரம் வந்துவிட்டது. மூன்றாவதில் பேச்சோடு சரி. நான்காவதிலிருந்து பதிலே இல்லை. அந்த இரண்டு ஆலைகளுக்கும் வாரம் தவறாமல் போன் செய்து விசாரிக்கிறாள். எடுப்பவர்கள் அவள் குரலைக் கேட்டதும் அலுத்துக்கொள்கிறார்கள்.