பொய்யாக வராத சொல்

அன்று மத்தியானம் தென்காசியில் என் வீட்டில் இருந்தவர்கள்: என் மனைவி. என் மகள். சுரண்டையிலிருந்து வந்த என் தங்கை. தங்கை வீட்டுக்காரர், சவுதியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர்கள் மகன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பிறகு நான்.

எனக்குக் குற்றாலத்தில் வேலை. மெயின் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் என் பலகையில் வந்து உட்கார்ந்தவர்கள் வாயிலிருந்து வந்தது. அதில் பாதி ஆச்சரியப்படுகிற வார்த்தைகள்.

அருவியைத் தூரத்தில் பார்த்ததும் 'வாவ்' என்பார்கள். தேய்க்க எவ்வளவு என்று கேட்டுவிட்டு 'ஓ மை காட்' என்பார்கள். பிறகு உட்காருவார்கள். தண்ணீர் அதிகம், இன்று போலீஸ் குளிக்க விடமாட்டார்கள் என்றால் 'ரியலி?' என்பார்கள். கேள்வி மாதிரி இருக்கும், பதில் வேண்டியிருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் முகம் போனுக்குப் போயிருக்கும். 'நோ வே' என்றால் நம்பவில்லை என்று முதலில் நினைத்தேன். நம்பிவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். இதே ஆட்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குள் போவார்கள். முதல் தண்ணீர் உச்சந்தலையில் விழும். அப்போது ஒருவரும் 'வாவ்' சொல்லி நான் கேட்டதில்லை. எம்மா என்பார்கள், அய்யோ என்பார்கள். மலையாளத்துக்காரர் அம்மே என்பார். இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் தாய்மாமன் காதில் போட வேண்டும். அவன் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்கு. தங்கை மகனுக்கு நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். அன்றே என் மகள் அவனுக்கு என்று பேசிவிட்டார்கள். மகள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். அந்தப் பேச்சை நம்பித்தான், ஆலங்குளத்திலிருந்து ஒரு போலீஸ்காரப் பையனுக்குப் பெண் கேட்டு வந்தவர்களை, "மருமவன் இருக்கான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது மகள்.

சாப்பிட்டுக் கை கழுவினோம். மருமகன் உட்காரவில்லை.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு லே."

"கூட வேல பாக்குத பிள்ள மாமா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சிட்டு."

எனக்குச் சத்தம் வரவில்லை. மற்றவர்களுக்கு வந்தது.

"வாட் எ சர்ப்ரைஸ்!" என்றார் மச்சான், சொந்த மகனைப் பார்த்து.

"ரியலியா லே?" என்றாள் தங்கை. ரேஷன் கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்றால்கூட நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துகிறவள். அன்று மெதுவாகக் கேட்டாள்.

"நோ வே, அத்தான்!" என்றாள் மகள்.

மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு, "ஓ மை காட்" என்றாள். குளியலறைக்குள் பாம்பு வந்த அன்று "யாத்தே!" என்று தெருவைக் கூட்டியவள். குக்கர் வெடித்த அன்றும் யாத்தேதான். அன்று ஓ மை காட் சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தாள். மகள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

எல்லோரும் முன்பே நனைந்து, துடைத்து, கரையேறி நின்றார்கள். தண்ணீர் விழுந்தது என் தலையில் மட்டும்.

"சந்தோசம் லே. பிள்ளையக் கூட்டிட்டு வா" என்றேன். மருமகன் காலில் விழுந்தான். திருநீறு பூசிவிட்டேன். மச்சான் என் தோளில் தட்டினார். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

மனைவி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"என்ன கேக்கிய?"

"ஓ மை காட்" என்றேன்.

கை நின்றது. குழாயை அடைத்தாள்.

"ஒங்க தங்கச்சி ஆவணிலயே சொல்லிட்டா. நீங்க தாங்க மாட்டியன்னு வச்சிருந்தோம். எல்லாருக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்ச மாதிரி இருந்தா ஒங்களுக்குக் கொறச்சல் இல்லல்லா?"

அவள் விளக்கி வைத்த சட்டியை எடுத்துக் கவிழ்த்தேன்.

"யாத்தேன்னுதான் மொதல்ல சொல்லிப் பாத்தேன். அது பொய்யா வரமாட்டேங்கு. அதான் மவ இதச் சொல்லிக்குடுத்தா. நாலு நாளாச் சொல்லிச் சொல்லிப் பாத்தோம்."

மகள் பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"அத்தான்தான். மொதல்ல எங்கிட்டதான்ப்பா கேட்டாவ. எனக்கும் அவிய மேல அப்படி ஒண்ணும் தோணல. நாந்தான் சரின்னு சொன்னேன்."

நான் சொல்ல வேண்டிய சரி. இவள் சொல்லியிருக்கிறாள்.

"ஆலங்குளத்துக்காரங்க வந்தாங்களே. அப்பவும் தெரியுமா?"

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"தெரியும்ப்பா."

"மொத்தம் எத்தன மாசம்?"

விரலை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்தது. அடுத்த கையும் முடிந்தது.

"பதினொண்ணு."