கனம் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

ஆரியசாலைச் சந்தையில் ஒரு நல்லமிளகு மண்டியில் சரக்கு எடுக்கிற வேலை எனக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வித்துரா மலைப்பக்கத்திலிருந்து மூட்டை வந்து இறங்கினால் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பேன். கையில் கனத்தால் நல்ல சரக்கு, கனக்காவிட்டால் பொக்கு, உள்ளே ஒன்றும் இருக்காது. இத்தனை வருஷத்தில் இது என்னைக் கைவிட்டதில்லை. மற்றபடி எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான். முக்கியமாகக் கரண்டுக்கு. எங்கள் சந்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி ஒயர் உருகி எரிந்ததை நின்று பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுகிற வேலை. சின்னக் கம்பெனி, சொந்த மெஷினோடு வருகிறவர்களுக்குத்தான் அங்கே இடம். திங்கட்கிழமை மெஷினும் கையுமாக வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ரயிலில் தூக்கிப் போகவும் ஹாஸ்டல் மேசையில் வைக்கவும் தோதாக, ஒரு முறுக்கு டின் அளவுக்கு இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, கம்ப்யூட்டர் சாமான்களை அவளே உள்ளே பொருத்திக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஆச்சுப்பா. பவர் சப்ளை மட்டும் பாக்கி. கம்ப்யூட்டர் கடையில சொல்லி வச்சிருக்கேன், வரும்போ வாங்கிட்டு வந்தா போதும். ஒண்ணும் மாத்தண்டாம், கேட்டோ" என்றாள் சனிக்கிழமை காலையில்.

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, மெஷினுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. அதாவது, தீப்பிடித்தால் அங்கேதான் பிடிக்கும். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

கடைக்காரர் மலையாளி, எங்கள் சந்தைக் கடைகளில் பழகிய தமிழ் பேசுவார். மகள் சொல்லிவைத்த சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தேன். கனம் போதவில்லை. அலமாரியில் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தூக்கினேன். செங்கல் மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இதென்ன தூக்கித் தூக்கி நோக்குறது? தராசு வேணோ?"

"சிரிக்காதீங்க சார். ரெண்டுல எது தீப்பிடிக்காது?"

"ரெண்டும் நல்லதுதான். ஆனா மோளு கேட்டது சின்னது."

"சின்னதுக்கு விலை கூட, பெருசுக்குக் குறைவு. உலகத்துல எந்தச் சரக்கு இப்படி இருக்கு?"

"அத்தனையும் கொஞ்ச இடத்துல ஒதுக்கி வைக்கணும்ல, அதான். அண்ணாச்சி, பெருசு அந்தச் சின்ன கேபினெட்ல கேறாது."

ஒதுக்கி வைப்பது என்றால் நெருக்கி அடைப்பது; சின்னதை அவர் பக்கமே தள்ளி வைத்தேன். நெருக்கி அடுக்கின மூட்டைக்குள் சூடு பிடிக்கும். அது எனக்குத் தெரியும். கேறாது, அதாவது உள்ளே ஏறாது என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டித் தட்டி அடுக்கினால் லாரியில் ஏறாத மூட்டை உண்டா? பெரியதை வாங்கி மண்டியில் வைத்திருந்து, சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகள் அட்டையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அதை இரும்புப் பெட்டியின் வாயில் வைத்துக் காட்டினாள். முட்டிக்கொண்டு நின்றது.

"இது எந்தாப்பா?"

"நல்ல கனம் மக்களே. பயப்படாம ஓட்டலாம். கொஞ்சம் சாய்ச்சு வச்சா…"

"சாக்கு இல்லப்பா இது, இரும்பு! நான் மாத்தண்டாம்னு சொன்னேன் அல்லே?"

அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி, "ஒங்க அப்பாகிட்ட அப்பளம் வாங்கிட்டு வரச் சொன்னாலும் கனமானதாப் பாத்துத்தான் எடுப்பாரு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "நீங்க வேண்டாம்னு வச்சிட்டுப் போனீங்க. உச்சை நேரத்துல ஒருத்தன் வந்து கொண்டுபோயிட்டான். இனி செவ்வாயோ புதனோ வரும்." மறுநாள் ஞாயிறு, காலையில் அவளுக்கு ரயில். மற்றக் கடைகளும் அடைத்தாகிவிட்டது. வெறுங்கையோடு திரும்பி நடந்தேன். தீக்குப் பயந்து அவள் வேலையில் நானே கை வைத்துவிட்டேனே.

வீட்டுக்கு வந்தால் இரும்புப் பெட்டியின் மூடி கழன்று தரையில் கிடந்தது. பெரிய பவர் சப்ளையை வெளியே வைத்து, ஒயர்களை உள்ளே விட்டுச் சொருகியிருந்தாள். மெஷின் ஓடியது.

"ஒயர் எல்லாம் ஒண்ணுதான்பா. சின்னது வர்றது வரைக்கும் இப்படியே ஓட்டுவேன்."

"மூடி இல்லாமலா? வேண்டாம் மக்களே. கை பட்டா? தண்ணி பட்டா?"

"பின்னே திங்கட்கிழமை என்ன கொண்டு போகணும்? சொல்லுங்க."

எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ, அதைவிடப் பயங்கரமான ஒன்று என் கூடத்தில் காற்றாடி சுழல ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தம்பானூர் ஸ்டேஷனில் அவள் இரும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். செங்கல் கனத்தை நான்தான் ரயிலேற்றினேன். "ஹாஸ்டல்ல தூங்கும்போது…" என்று ஆரம்பித்தேன். "அப்பா, போதும்" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். "குடல் வெளியில கிடக்குற மெஷின்னு ஆபீஸ்ல எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னதுக்கு அங்கேயே ஆர்டர் போட்டிருக்கிறாளாம், எப்போது வரும் என்று தெரியவில்லை. அதைப் பற்றித் தினமும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கேட்டால் போனை எடுக்கமாட்டாளாம்.

இப்போது துலாவர்ஷம், ஐப்பசி மழை. சாயங்காலமானால் இங்கே இடி இறங்குகிறது. நான் அவளைக் கூப்பிட்டு, "அங்கே மழையா?" என்று மட்டும் கேட்கிறேன்.

"பிளக் கழட்டிட்டேன்பா. போனை வைங்க" என்கிறாள்.