டெம்போ வராத சாலை

சாலை பிரியும் இடங்களில் அமலோற்பவம் அம்மாள் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. நின்று காது கொடுக்கிறார். லாரி இரைச்சல் எந்தப் பக்கம் குறைவோ, அந்தப் பக்கம் திரும்புகிறார். சுற்றுவழியானாலும் கவலையில்லை, திருவிழாவுக்கு நாள் இருக்கிறது.

கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை வழியாகக் கூட்டமாகப் போவார்கள். முன்னே ஒலிபெருக்கி கட்டிய டெம்போ, வழியெல்லாம் சோற்றுப்பந்தல். சென்ற ஆண்டு வரை இவரும் அதில் ஒருவர். மகள் பிரின்சியின் தலைப்பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் ஆண்டுதோறும் நடந்தே வருவதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டவர். இருவரும் பிழைத்தார்கள். சென்ற ஆண்டு முழங்கால் வீங்கி அவர் பின்தங்கியதும், கூட்டத்தை நடத்தும் லூர்துராஜ் டெம்போவில் ஏற்றிவிட்டார்.

“குந்துக்கா. மாதா ஒண்ணியும் கோச்சிக்க மாட்டாங்க.”

“அவங்க கோச்சிக்க மாட்டாங்கடா. நானு கோச்சிக்குவேன்.”

வேளாங்கண்ணியில் இறங்கியவர் கோயிலுக்குள் போகவில்லை. மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவலாக வெளியே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆண்டு யாருக்கும் சொல்லாமல் தனியே கிளம்பிவிட்டார். மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே போகும் இந்தச் சாலைகளில் பந்தல் கிடையாது. பொரியும் பொட்டுக்கடலையும்தான் சாப்பாடு. காவிப் புடவையைக் கண்டு, களையெடுக்கும் பெண்கள் நிமிர்கிறார்கள்.

“இன்னாம்மா, திருவண்ணாமலைக்கா?”

“வேளாங்கண்ணிக்குங்க.”

“அய்ய, அதுக்கு ரோடு அந்தாண்ட கீது! வழி தெரியாம வந்துட்டியா?”

“தெரிஞ்சிதாங்க வந்தேன்.”

ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சொல்வது வழக்கம். இவர் முன்பாதியைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துகிறார். சாலை சும்மா கிடக்கிறது. பிறகு பின்பாதியையும் தாமே சொல்லிக்கொள்கிறார்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த வேளையில், பால் சங்கத்தில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய தங்கதுரை என்னும் விவசாயி மொபெட்டை அவரருகே நிறுத்தினார்.

“நொண்டிக்கினு போறியேம்மா. குந்து, அடுத்த ஊர்ல வுட்டுர்றேன்.”

“வாணாம்பா. ஏறுனா இந்த வருசமும் போச்சு.”

“பையவாச்சும் குடு.”

“அதுவும் நடந்தே வரட்டும்.”

தங்கதுரை சிரித்துக்கொண்டே புறப்பட்டார். அம்மாள் சட்டென்று கையை நீட்டினார்.

“அவசரமா போறியாப்பா? பேச்சுத் தொணைக்குக் கொஞ்ச தூரம் வண்டிய தள்ளிக்கினு வாயேன்.”

தங்கதுரை இறங்கி, இன்ஜினை அணைத்து, தள்ளத் தொடங்கினார். அமலோற்பவம் அம்மாள் அவர் பக்கத்தில் நடந்து வர இடம் விட்டு, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.