கூடப் பிறந்தவனின் படம்

எண்பதுகளில், அமெரிக்காவில், சன்னிவேலில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனிக்கு சால்டரிங் வேலைக்குப் போனேன். கணவர் வீடு திரும்பும்போது இருட்டிவிடும். மகனிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் ஒரே வார்த்தையில். எஸ்எஸ்எல்சி இங்கிலீஷை வைத்துக்கொண்டு நானாக யாரிடமும் பேச மாட்டேன். என்னிடம் வந்து பேசியவள் பக்கத்து மேசை நைஜீரியாக்காரி மட்டும்தான்.

நான் கத்தோலிக்கப் பெண் என்று தெரிந்ததும் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். "சிஸ்டர், உங்க மாதாவுக்கும் பொட்டு இருக்கா?"

"பொட்டு இல்லை. சேலை இருக்கு" என்றேன். சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள். பையன் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து வேலைக்கு வந்தவளுக்குப் பெண்ணைப் பற்றித்தான் பயம். இரட்டையில் இறந்ததற்கு வீட்டில் ஓர் இடம் கொடுக்காவிட்டால், அது மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் அம்மா காலத்தில் மரத்தில் சிறு உருவம் செதுக்கி, குளிப்பாட்டி, ஊட்டி வைத்துக்கொள்வார்களாம். சர்ச் அது கூடாது என்றது. மசூதியும் அதையே சொன்னது. அவள் ஊரில் பலர் மரத்தை விட்டுப் போட்டோவுக்கு மாறினார்கள். இருக்கிற குழந்தையையே இரண்டு தடவை எடுத்து, இருவரும் இருப்பதுபோல் ஒரே படமாக்கி மாட்டுவார்கள்.

"போட்டோவுக்கு பாஸ்டர் ஒண்ணும் சொல்ல மாட்டார். என் வீட்டுக்காரர் தொழுகிறவர். தொழுகிற இடத்தில் உருவப்படம் ஆகாதுங்கிறார். எங்களுக்கு இருக்கிறதே ஒரு ரூம்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குத் துணையாக சான் ஹோசேயில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். குழந்தையை முதலில் கவுனில் எடுத்தார்கள். பிறகு அவள் பையிலிருந்து பையனின் சட்டையையும் கால்சட்டையையும் எடுத்தாள்.

ஸ்டுடியோக்காரர் சிரித்தார். "வேஷம் போட ஹாலோவீனுக்கு இன்னும் நாள் இருக்கே?"

அவள் அந்தச் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி நின்றாள். நான்தான் சொன்னேன். "இது இந்தக் குழந்தை கூடப் பிறந்தவன் சட்டை. அவன் இறந்துட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற மாதிரி வேணும்."

என் இங்கிலீஷ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, விளக்கைச் சரிசெய்தார்.

படம் வந்தபின் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அதைச் சுவரில் மாட்டியிருந்தாள். பயறு சமைத்து, பெண்ணுக்கு ஒரு தட்டும் படத்துக்குக் கீழே ஒரு தட்டும் வைத்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கையில் அவள் கணவர் தொழுகைப் பாயை எடுத்தார். படத்தைக் கழற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினார். தொழுதார். பாயைச் சுருட்டிவிட்டு வந்து, மறுபடி முன்பக்கமாகத் திருப்பி, கோணலில்லாமல் நேராக்கினார்.

"அஞ்சு வேளையும் இப்படித் திருப்பினா ஆணி கழண்டுடும்" என்றாள் அவள்.

"வேற ஆணி அடிப்பேன்" என்றார்.

எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வெளியே என் கணவர் ஹார்ன் அடிக்கும்வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருந்துச்சு?" என்று காரில் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றேன். அதற்குமேல் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் ரேடியோவைப் போட்டார்.