முறைப்பாடு எழுதும் வாசகர்கள்

அந்த அமெரிக்க நாவலாசிரியை மேல் எனக்குப் பொறாமை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, வயிறு எரிகிறது. முன்பு பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவராம். வேலையை விட்டுவிட்டு, ராணிகளையும் கப்பல்காரர்களையும் வைத்து வருடத்துக்கு ஒரு தலையணை எழுதித் தள்ளுகிறார். சுவிட்சர்லாந்தில், எங்கள் ஓல்டன் ரயில் நிலையப் புத்தகக் கடையில் அவருடைய ஜெர்மன் மொழிபெயர்ப்புகளை வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்கு நான் தினமும் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். பின்னட்டையில் நன்றாகத் தூங்கி எழுந்தவர்போலச் சிரிக்கிறார்.

நானும் சரித்திர நாவல் எழுதியவன்தான். யாழ்ப்பாண அரசின் கடைசி நாட்களைப் பற்றி, உருளைக்கிழங்கு உரித்த நேரம் போக மிச்ச நேரத்தில், ஒன்பது வருடம். சென்னையில் அச்சடித்து எடுப்பித்து வின்டர்தூரில் வெளியீட்டு விழா வைத்தேன். நான்கு பேர் பேசினார்கள், நாவலைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். பிறகு வழக்கம்போல, பளபளக்கும் தாளில் சுற்றி நாடா கட்டிய பிரதிகளை ஒவ்வொருவராக மேடையேறி வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம்தான் மிஞ்சிய பிரதியொன்றைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்தைக் காணவில்லை. பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே கட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்த எல்லாப் பிரதிகளும் அப்படியே; விழாவில் கொடுத்தவையும் அதே கட்டிலிருந்து எடுத்தவைதான். படை கோட்டை வாசலுக்கு வருகிறது, அத்தோடு பின்னட்டை. மானம் போயிற்று என்று நடுங்கினேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் சொல்லவேண்டிய மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் போனபிறகு, யாராவது கூப்பிட்டுத் திட்டமாட்டார்களா என்று ஏங்கத் தொடங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையில் முதற்பிரதி வாங்கிய நண்பரின் வீட்டுக்குப் போனேன். பஸ் ஓட்டுபவர், என்னைவிட இளையவர். சோபாவில் அமெரிக்கக்காரியின் புத்தகம் முதுகு வெடித்துக் குப்புறக் கிடந்தது.

"இந்த மனிசியின்ர புத்தகத்தை எடுத்தால் சோறு தண்ணி தேவையில்லை அண்ணை," என்றார் நண்பர். "போன புத்தகத்தில ஒரு குதிரை முதல் கறுப்பு, பிறகு பார்த்தால் வெள்ளை. சனம் விடேல்லை. கடிதம் கடிதமா எழுதியிருக்கினம். மனிசி இந்தப் புத்தகத்தின்ர முன்னுரையில மன்னிப்புக் கேட்டிருக்கிறா."

அந்த நாவலாசிரியையின் புகழ் எனக்கு வேண்டாம், கடை வாசலும் வேண்டாம். அந்தக் குதிரைக்காகக் கோபித்த கூட்டத்தில் ஒரே ஒருவரை எனக்குத் தந்தால் போதும்.

"என்ர நாவல் வாசிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, இதென்ன கேள்வி?" நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடைசி அத்தியாயம் வாசிக்கேக்க அழுதிட்டன்."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அன்பாகத்தான் இருந்தது.

"எழுதேக்க நானும் அழுதனான்," என்றேன்.