சுஜாதா சுரண்டிய தரை

வாழவந்தி ஊர்க்காரன் ரஞ்சித்துக்குத் தெரியாத லாட்ஜ் ஏற்காட்டில் இல்லை. பதினான்கு வருடமாகத் தரையில் லினோலியம் விரிப்பு ஒட்டுகிறான். சுவரோரம் நூல் பிடித்தாற்போல் வெட்டுவான். பழைய விரிப்பைக் கிழித்த பிறகு தரையில் கெட்டிப்பட்டுக் கிடக்கும் பசையைச் சுரண்ட மட்டும் அவனுக்குப் பொறுமை கிடையாது. அதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் மனைவி சுஜாதாவைத் துணைக்குக் கூட்டிப்போனான்.

சுஜாதா வெந்நீரில் நனைத்த துணியைப் பசைமேல் விரித்து, அது ஊறும்வரை காத்திருந்து, தகட்டால் தோலுரிப்பதுபோல் எடுத்தாள். தரையில் ஒரு கீறல் விழாது. பார்த்துப் பார்த்தே ஒட்டவும் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில் விடுதிக்காரர்கள் சுஜாதா வருவாளா என்று கேட்டுவிட்டுத்தான் தேதி சொன்னார்கள். ரஞ்சித் சிரித்தபடி தலையாட்டுவான். வீட்டுக்கு வந்தபின் அவளுடைய போன் அடித்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

போன ஐப்பசியில் நஸ்ரின் என்ற அம்மாள், தன் விடுதிக் கூடத்துக்குப் புது லினோலியம் போடச் சொன்னார். சுஜாதா இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பசையை எடுத்தாள். பிறகு ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினாள். மறுநாள் தாளுக்கடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது.

“ஏனுங்க, ஈரம் இன்னும் போவலீங்க. இப்ப ஒட்டுனா மேல எந்திரிச்சுக்கும். நாலு நாளு காயட்டுங்க” என்றாள்.

அவன் சரி என்றுதான் சொல்லியிருப்பான். அதற்குள் நஸ்ரின் வந்து, இத்தனை சுத்தமான தரையை இந்த விடுதியில் பார்த்ததே இல்லை என்று சுஜாதாவைப் புகழ்ந்துவிட்டுப் போனார். ரஞ்சித்துக்குச் சுருக்கென்று தைத்தது. மூடுபனிக்குப் பயந்தால் இந்த மலையில் எந்தத் தரையையும் ஒட்ட முடியாது என்று சொல்லி, அன்றைக்கே பசையைத் தடவினான். சுஜாதா சுருளின் மறுமுனையைப் பிடித்தாள்.

எட்டாம் நாள் நஸ்ரின் கூப்பிட்டுவிட்டார். கூடத்தின் நடுவே லினோலியம் அப்பளம்போல் உப்பியிருந்தது.

“பழைய பசைய நீ சரியா எடுக்கலையா சுஜாதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ரஞ்சித்துக்கு இனித்தது என்பதுதான் உண்மை. சும்மா நின்றால் போதும், அவள் பேர் கெட்டுவிடும். சுஜாதா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து உப்பிய ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஈரப்பசை அவள் விரலெல்லாம் ஒட்டியது. அதற்குமேல் அவனால் சும்மா நிற்க முடியவில்லை.

“தப்பு என்னுதுங்க. நொம்ப ஈரமா இருக்குதுன்னு இவ சொன்னாளுங்க. நாந்தான் கேக்கல” என்றான்.

இருவருமாகக் கிழித்தார்கள். இந்தமுறை அவனும் உட்கார்ந்து சுரண்டினான். அவள் இரண்டு பங்கு முடிப்பதற்குள் அவன் ஒரு பங்குகூட முடிக்கவில்லை. மின்விசிறி போட்டு ஒரு வாரம் காயவைத்து, தாள் ஒட்டிப் பார்த்த பிறகே புதிதாக ஒட்டினார்கள்.

பொறாமை அதோடு போய்விடவில்லை. கரடியூர் எஸ்டேட் பங்களா வேலையைச் சுஜாதா தானே பேசி முடித்திருக்கிறாள் என்று கேட்டதும் அவனுக்கு வயிறு எரியத்தான் செய்தது. என்றைக்குப் போகவேண்டும் என்று மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டான்.